சீஸ் இல்லாத சீஸ் ஸ்டிக்

புருஷன் சாப்பாட்டைக் குறை சொல்கிறான் என்று கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன பெண்கள் ஆயிரம் பேர் உண்டு. எதைப் போட்டாலும் நல்லா இருக்கு என்கிறான் என்று பை கட்டியவளைப் பற்றி யாராவது கேள்விப்பட்டதுண்டா? ஊசியக்கா கட்டினாள். அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். அவள் பக்கமும் நியாயம் இருந்தது.

ஊசியக்கா என்பது துணிக்கடையில் வைத்த பெயர். வாங்கிய உடுப்பை ஆளுக்குத் தகுந்தாற்போலப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கடையின் பின்னறையில் ஒரு மெஷின், ஒரு நாற்காலி, கழுத்தில் மாலையாக ஒரு அளவு நாடா. ஆளும் ஊசி மாதிரி ஒல்லி, வாயும் ஊசி. நாற்பது தாண்டும்வரை அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அங்கே மூன்று வேளைச் சமையலும் அவள் கைதான். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் "எங்க நாத்தனார் கைமணம் யாருக்கு வரும்!" என்று நாலு பேர் முன்னால் புகழ்ந்துவிட்டு, அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் காலம் தள்ளத் தெரிந்தவள். தனக்கென்று இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சொத்து அந்தக் கைமணம்தான் என்று ஊசியக்கா நம்பிப்போனதற்கு அண்ணியின் புகழ்ச்சியும் ஒரு காரணம்.

அப்புறம்தான் அடுப்புக்காரர் வந்தார். ஒரு பட்டறையிலிருந்து வீடு வீடாகப் போய்க் கேஸ் அடுப்பு பழுது பார்க்கிற மனிதர், மனைவி இறந்து பல வருஷமாகத் தனியாக இருந்தவர். கால்சட்டை நீளம் குறைக்கவென்று கடைக்கு வந்தார். மறுவாரம் இன்னொரு கால்சட்டை. அதற்கடுத்த வாரம் அவர் கொண்டுவந்ததை அளந்து பார்த்துவிட்டு, "இதுல குறைக்க ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"அப்ப நீளமாக்குங்க" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

இப்படி ஒரு மனிதருக்கு எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியும்? ஒரு சாயங்காலம் இருவரும் கடைத்தெருவில் ஒரு பலகாரக் கடையில் உட்கார்ந்தார்கள். அவர் சீஸ் ஸ்டிக் கேட்டார். பொன்னிறமாகப் பொரித்த விரல் விரலான துண்டுகள் வந்தன. கடித்தால் மொறுக்கென்று உடைந்து, உள்ளேயிருந்து சீஸ் நூலாக இழுபட்டது. இரண்டு தட்டு தின்றுவிட்டு, அது எப்படிப் பொரிந்திருக்கிறது, எண்ணெய் எப்படி, மூன்றாவது துண்டில் மிளகு ஏன் தூக்கல் என்று பேசிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டை இவ்வளவு அக்கறையாகத் திட்டுகிற மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இதை வீட்டுல பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாம என்ன? அடுப்பை நீங்க பார்த்துக்கோங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அதுதான் நிச்சயதார்த்தம். கல்யாணம் அதற்கப்புறம் நடந்த சம்பிரதாயம்.

கல்யாணமான புதிதில் வீட்டில் சாப்பாட்டு நேரம் கச்சேரிதான். ஒரு வாய் வைப்பார், யோசிப்பார், "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார். "வேணும்னா போட்டுக்கோங்க. இங்க என்ன ஓட்டலா நடக்குது?" என்று அவள் சீறுவாள். சீறினாளே தவிர, உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். அண்ணன் வீட்டில் குறை சொல்லும் அளவுக்கு யாரும் மென்று தின்றதே இல்லை. இந்த மனிதர் ஒவ்வொரு கவளத்தையும் கவனித்துத் தின்கிறார். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் கச்சேரிக்குத்தான் கண் பட்டது. மழைக்காலத்தில் அடுப்புக்காரருக்குக் காய்ச்சல் வந்தது, மூக்கடைப்பும் இருமலுமாகப் படுத்தே கிடந்தார். எழுந்து வந்தவர் வேறு ஆளாக வந்தார். சூப்பா? நல்லா இருக்கு. மீன் வறுவலா? நல்லா இருக்கு. ஒரு நாள் கைமறதியாகப் பூண்டு போடாமலே பூண்டு சோறு செய்துவிட்டாள். அதுவும் நல்லா இருந்தது. சொல்லும்போது தட்டைப் பார்க்கமாட்டார், அவள் முகத்தைப் பார்ப்பார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். அவர் கால்சட்டை இடுப்பை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. மெலிகிற உடம்பைத் தராசுக்கு முன்னாலேயே தையல்காரி கண்டுபிடித்துவிடுவாள்.

சலித்துவிட்டது இவருக்கு, என்று நினைத்தாள். ஆசை தீர்ந்துபோயிற்று, வாய்விட்டுச் சொல்ல மனசில்லை, அதனால் இப்படி. ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்லும் அல்லவா? வேலை முடிந்து வந்ததும் ஒரு கோப்பையில் சோப்பு நுரை கலக்கிக்கொண்டு, பிரஷ்ஷால் கேஸ் குழாய் நெடுகத் தடவி, எங்காவது குமிழி விடுகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பார். முன்பெல்லாம் கிடையாது இது. அவள் அடுப்பைச் சரியாக அணைக்கமாட்டாள் என்று சந்தேகம், என்று எடுத்துக்கொண்டாள். பால் பாத்திரத்தை நீட்டி, "கெட்டுப்போச்சான்னு நீயே மோந்து பாரு" என்பார். சரிதான், இதற்குக்கூட நான்தான் வேலைக்காரி, என்று எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் அந்த சோப்பு. துணிக்கடைக்குப் பக்கத்துக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் காகிதம் சுற்றி வைத்திருந்த வாசனை சோப்பு. நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெண் வெட்கத்தை விட்டு ஒரு சோப்பு வாங்குகிறாள் என்றால் யாருக்காக வாங்குவாள்? குளித்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் அடுப்படிக்குள் நுழைந்தால், மனிதர் அந்த சோப்பைச் சீவிக் கோப்பையில் கலக்கி, கேஸ் குழாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்!

"இது நல்லா நுரை வருது ஊசி" என்றார், சாதனை மாதிரி.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி பேசாமல் போனால் வீடு விழுகிற அறிகுறி. அதுகூட அந்த மனிதருக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று அண்ணி கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்றாள். அண்ணி குரலில் சந்தோஷம் வழிந்தது. அடுப்படி அவளை எவ்வளவு வாட்டியதோ பாவம். ஊசியக்கா நாலு உடுப்பைப் பையில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆணியில் தொங்கிய தன் கத்தரிக்கோலை எடுத்துத் துணி சுற்றி வைத்தாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாக்குக் கொடுத்த ஒரு பண்டம் பாக்கி இருந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி, சீஸ் ஸ்டிக்கை அவள் வீட்டில் செய்ததே இல்லை. சனிக்கிழமை கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பாக்கெட் சீஸ் வாங்கி வந்தாள். அன்றைக்குப் போல ருசித்துத் தின்றால் பையைப் பிரித்துவிடுவது. அந்தச் செத்த 'நல்லா இருக்கு' வந்தால் காலை பஸ். இப்படித் தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவசரக்காரிக்கு எந்தப் பலகாரம் வந்திருக்கிறது? ஒரு பாக்கெட்டை விரல் விரலாக நறுக்கினாள். மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் ஒரு உருட்டு உருட்டி நேரே எண்ணெயில் போட்டாள். எண்ணெய் சீறவில்லை, முணுமுணுத்தது. அடுப்பு கொஞ்ச நாளாகவே மெலிந்துதான் எரிகிறது. நிறம் வரட்டும் என்று காத்திருந்தாள். நிறம் வருவதற்குள் ஒரு துண்டின் ஓரம் வாய் பிளந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. சீஸெல்லாம் வழிந்து எண்ணெயில் இறங்கி, நுரைத்து, வாணலியின் அடியில் ஒட்டிக் கருகியது. புகை. ஜன்னல் கதவைத் திறந்து, முந்தானையால் வீசி, இருமி முடித்தபோது, ஜல்லிக்கரண்டியில் மிஞ்சியது வெறும் ரொட்டித்தூள் கூடுகள். தொட்டுப் பார்த்தாள். மொறுமொறுவென்றுதான் இருந்தன. உள்ளே காற்று.

புகை போய்விட்டது, நாற்றம் போகவில்லை. கீழ் வீட்டுக்காரி படியேறி வந்து, "என்னக்கா, ரப்பர் ஏதாச்சும் எரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் அடுப்புக்காரர் உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றினார், கேட்டார்:

"என்ன ஊசி, இன்னிக்கு ஒண்ணும் சமைக்கலையா?"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இதைவிட நல்ல கேள்வி உண்டா? நக்கல், என்று அவள் பல்லைக் கடித்தாள். சுடச்சுட இன்னொன்று தோன்றியது. அந்தக் கூடுகளையே அழகாகத் தட்டில் அடுக்கி, அவர் முன்னால் வைத்தாள். "சீஸ் ஸ்டிக். அன்னிக்குக் கேட்டீங்களே."

அவர் முகம் மலர்ந்தது. அது நிஜம், அதில் பொய் இல்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார். நொறுங்கியது. மென்றார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"சீஸ் பிரமாதம். நல்லா இருக்கு."

ஊசியக்கா தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே இரண்டாக உடைத்தாள். கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள். துகள்தான் உதிர்ந்தது.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? சீஸ் எங்க இருக்கு இதுல? எல்லாம் வாணலி அடியில கருகிக் கிடக்கு. வீடே நாறுது. கீழ் வீட்டுக்காரி வந்து கேட்டுட்டுப் போறா. நீங்க சீஸ் பிரமாதம்ங்கறீங்க. என்னைப் பார்த்தா கிறுக்கச்சி மாதிரி தெரியுதா உங்களுக்கு? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. இந்த நல்லா இருக்குங்கற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு!"

அவர் கையிலிருந்த மீதிக் கூட்டைப் பார்த்தார். அதன் ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி.

"வீடு நாறுதா?" என்றார்.

"நாறாம மணக்குமா?"

"எனக்குத் தெரியலை."

"என்ன தெரியலை?"

"வாசனை. நல்லதும் தெரியலை, நாத்தமும் தெரியலை. அந்தக் காய்ச்சல்லேர்ந்து." அவர் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். "கடிச்சப்ப உள்ள ஒண்ணும் தட்டுப்படலைதான். ஆனா இப்பல்லாம் எதுலயுமே எனக்கு ஒண்ணும் தட்டுப்படறது இல்ல ஊசி. நனைஞ்ச அட்டையைத் தின்ன மாதிரிதான் எல்லாம். இதுவும் அப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சோப்பு, பால், பூண்டு, குழாயில் தடவிய நுரை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி நின்று வேறு முகம் காட்டின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனிதர்; பரிமாறிய கை இவளுடையது, இவளுக்கே தெரியவில்லை.

"சொல்லித் தொலைச்சா என்ன?" என்றாள்.

"எப்படிச் சொல்றது? உன் சமையல்தான் உன் சொத்துன்னு நீ நினைச்சுட்டிருக்க. அதை எங்கிட்ட கொண்டுவந்து கொட்டற. இந்த வீட்டுல அது செல்லாதுன்னு எந்த வாயால சொல்வேன்?"

"உப்புகூடவா தெரியலை?"

"உப்பு தெரியும். இனிப்பு, புளிப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியுது. ஆனா உப்பு கம்மின்னு சொன்னா நீ விடுவியா? பூண்டு எப்படி, மிளகு எப்படின்னு குடைவ. ஒண்ணு சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். அதான் ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன்."

அவளுக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்து நின்றாள். துக்கம் வந்தால் கைக்கு வேலை வேண்டும் அவளுக்கு.

"இன்னொரு பாக்கெட் இருக்கு" என்றாள். "வாங்க. அடுப்பை நீங்க பார்த்துக்கறதாத்தானே பேச்சு?"

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்கெட்டை எடுத்தார். அதைப் பிரிக்க ஆணியைப் பார்த்துக் கையை நீட்டினார். ஆணி வெறுமையாக இருந்தது.

"கத்தரி எங்க?"

முதல் பாக்கெட்டை அவள் பல்லால் பிரித்திருந்தாள். இப்போது பதில் சொல்லாமல் உள்ளறைக்குப் போய், கட்டிலடியிலிருந்து பையை இழுத்தாள். அவர் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார். மடித்து வைத்த உடுப்புகளையும், மேலே துணி சுற்றிய கத்தரிக்கோலையும் பார்த்தார்.

"அண்ணன் வீட்டுக்கா?"

"ம்."

"ரெண்டு நாள்னா கத்தரியை எடுத்துட்டுப் போகமாட்டியே."

அவள் தலை நிமிரவில்லை. அவர் இருக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை. கத்தரிக்கோலின் மேலிருந்த துணியைப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஜாக்கிரதையா வெட்டு, உள்ள இன்னொரு கவரும் இருக்கு" என்றார். குரல் மட்டும் அவர் குரலாக இல்லை.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. முதல் தடவை ஒற்றைத் தையல் போட்டிருக்கிறோம், அதுதான் பிரிந்தது என்று புரிந்தது. மைதா, முட்டை, ரொட்டித்தூள். மறுபடி முட்டை, மறுபடி ரொட்டித்தூள். துண்டுகளின் இரண்டு முனைகளையும் தனியாக அழுத்தி அழுத்தி மூடினாள், உடுப்பின் ஓரம் மடித்து அடிப்பதுபோல. தட்டோடு ஃப்ரீசரில் வைத்தாள், கல்லாகட்டும் என்று.

அது இறுகுகிற நேரத்தில் அவர் அடுப்பைக் கழற்றினார். தலை குனிந்தபடியே சொன்னார், தீயைக் குறைத்து வைத்ததே தான்தான் என்று. கேஸ் கசிந்தால் தெரியாத மூக்கோடு ஒரு வீட்டில் எப்படி நிம்மதியாகத் தூங்குவது? அதனால் கேஸ் வருகிற வழியை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் குறைத்து, அடுப்பைச் சாகாமல் சாகடித்திருக்கிறார். வேலைக்குப் போன ஒரு வீட்டில், 'கேஸ் வாசனை வருதே, உங்களுக்கு வரலையா?' என்று ஒரு அம்மாள் கேட்டாளாம். அவர் அந்த வாசனைக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தாராம். டாக்டரிடம் காட்டியதற்கு, வாசனை திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றாராம்.

"முதலாளிகிட்ட சொல்லியாச்சா?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாரோன்னு பயம்."

"திங்கக்கிழமை சொல்றீங்க. பட்டறையில உட்கார்ந்து அடுப்பு ரிப்பேர் பண்ணத் தர்றாரான்னு கேளுங்க. இல்லைன்னா நான் வந்து கேக்கறேன்."

"ஐயோ, நானே கேட்டுடறேன்" என்றார் அவசரமாக. முதலாளி மேல் அவருக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

அடுப்பை மாட்டிப் பற்றவைத்தார். தீ நீலமாக நிமிர்ந்து எரிந்தது. பழக்கத்தில் கை சோப்புக் கோப்பையை எடுத்தது. எடுத்தவர் ஒரு கணம் நின்று, கோப்பையை அவளிடம் கொடுத்தார்.

"நீ மோந்து பாரு. நீ சொன்னா சரி."

அவள் குனிந்து, குழாய் நெடுக மோந்து பார்த்தாள். கேஸ் இல்லை. அவளுடைய அந்த வாசனை சோப்புதான் இன்னும் குழாயில் மணத்துக்கொண்டிருந்தது. "கசிவு இல்ல" என்றாள். பிறகு, "நுரைக்கு இனிமே துணி சோப்பை எடுத்துக்கோங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

எண்ணெய் காய்ந்தது. ஒரு சிட்டிகை ரொட்டித்தூளைப் போட்டதும் சடசடவென்று சீறியது. "இப்பப் போடு" என்றார் அவர், காதைச் சாய்த்து. மூன்று மூன்றாகப் போட்டாள். இந்த முறை வாய் பிளக்க நேரமே கொடுக்கவில்லை. பொன்னிறம் வந்ததும் அள்ளிவிட்டாள். ஒன்று மட்டும் ஓரத்தில் லேசாகக் கசிந்தது. அதைத் தனக்கென்று ஒதுக்கினாள்.

அவர் ஒரு துண்டை எடுத்து ஊதினார். கடித்தார். அந்த 'மொறுக்' அடுப்படி முழுக்கக் கேட்டது. அவர் சட்டென்று நிமிர்ந்தார். கையை இழுக்க இழுக்கச் சீஸ் நூலாக நீண்டது. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது அவருக்கு. இன்னொரு கடி. கண்ணை மூடி, காதாலேயே தின்கிறவர் போல மென்றார். நனைந்த அட்டைக்கு நடுவில் இத்தனை மாதம் கழித்து ஒன்று உடைகிறது, சுடுகிறது, இழுபடுகிறது.

அவள் ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வாசனை இல்லாத மனிதருக்கு இது போதும், எனக்கும் போதும் என்று தேற்றிக்கொண்டாள். ஆனால் உள்ளே ஒன்று கிடந்து துடித்தது. அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே. தெரியவில்லை என்று சொல், ஒன்றுமே சொல்லாமல் இரு, அதை மட்டும் சொல்லாதே.

அவர் முழுசாக விழுங்கினார். நாக்கால் உதட்டைத் துடைத்தார். யோசித்தார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை; கையிலிருந்த துண்டைத்தான் பார்த்தார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி."

ஊசியக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்துவிட்டது. மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, உப்பு டப்பாவை அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"வேணும்னா போட்டுக்கோங்க. இங்க என்ன ஓட்டலா நடக்குது?"